காடு பார்த்த வீடு

கிழக்கு பார்த்த வீடெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. இப்போது காடு பார்த்த வீடு விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் முழுப்பக்க விளம்பரம். மேகம் தவழும் மலை. மரத்தோடு மரமாக ஒரு வீடு. பால்கனியில் காபிக் கோப்பையோடு நால்வர் கொண்ட குடும்பம். அப்பா பள்ளத்தாக்கைப் பார்க்கிறார். அம்மா பிள்ளைகளைப் பார்க்கிறார். பிள்ளைகள் புல்வெளியில் நிற்கும் மானைப் பார்க்கிறார்கள். மான் மட்டும் வேறெங்கோ பார்க்கிறது. அநேகமாக வெளியே போக வழி தேடுகிறது.

'இயற்கையோடு இரண்டறக் கலந்த இல்லம்' என்பது விளம்பர வாசகம். எப்படிக் கலக்கிறதாம்? சுவருக்குப் பதில் கண்ணாடி. தூணுக்குப் பாறை நிறத்தில் பெயின்ட். மொட்டைமாடியில் புல். தண்ணீர்த் தொட்டிக்கு இலைப்பச்சை. முடிந்தது, கலந்துவிட்டது. லாரி லாரியாக சிமென்ட்டைக் கொட்டி மேலே பச்சை அடித்தால் அது சோலை ஆகிவிடும் என்றால், கூவத்துக்கு நீலம் அடித்துக் கடல் என்று விற்கலாம். வாய் தவறி யோசனை சொல்லிவிட்டேன். நாளைக்கே யாராவது 'சீ வியூ' போர்டு வைத்துவிடப் போகிறார்கள்.

இந்தக் கலவை எப்படித் தயாராகிறது என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். முதலில் ஜேசிபி வரும். சரிவை வெட்டிச் சமதளம் ஆக்கும். நின்றிருந்த மரங்கள் போகும். பிறகு தோட்டக்கலை நிபுணர் வந்து, நர்சரியில் வாங்கிய மரங்களை நட்டு, 'பசுமைச் சூழல்' என்று தனியாக பில் போடுவார். படுத்தபடி நிலா பார்க்க வேண்டும் என்று படுக்கையறைக்குக் கண்ணாடிக் கூரை. இருட்டு பயமாக இருக்கிறது என்று தோட்டம் முழுக்க எல்இடி விளக்கு. நிலாவுக்கு இனி வேலை இல்லை. விடிந்ததும் ஒரு குருவி பறந்து வருகிறது. கண்ணாடிச் சுவரில் தெரியும் மரத்தை நிஜ மரம் என்று நினைத்து மோதிச் சாகிறது. இந்த வீடு காட்டோடு கலந்துவிட்டது என்று மனதார நம்பிய ஒரே ஜீவன் அதுதான்.

இந்த ரக வீடு கட்டுகிறவர்களுக்கெல்லாம் கைவசம் ஒரு படம் உண்டு. அமெரிக்காவில், பென்சில்வேனியா காட்டுக்குள், அருவியின் தலையில் உட்கார்ந்திருக்கும் வீடு. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1930களில் கட்டியது. பிட்ஸ்பர்க் நகரத்து ஜவுளி, பாத்திரம், சகலமும் விற்கும் பெருங்கடை முதலாளி காஃப்மன் குடும்பத்துக்கு வாரக்கடைசி வீடு. வீட்டிலிருந்து அருவியைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ரைட் வீட்டை அருவியின் மேலேயே வைத்துவிட்டார். உலகமே வியந்தது. கூரை ஒழுகியது. நீட்டிக்கொண்டிருந்த தளங்கள் தொங்கத் தொடங்கி, 2002இல் எஃகு வடங்கள் கொடுத்து இழுத்துக் கட்டினார்கள். இருந்தாலும் அழகு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதைக்கு ஒரு பின்பாதி இருக்கிறது. காஃப்மனின் மகன் 1963இல் வீட்டையும் சுற்றியிருந்த காட்டையும் சேர்த்து இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டார். நம் ஆட்கள் படத்தை மட்டும் மாட்டுகிறார்கள். பின்பாதியை யாரும் காப்பி அடிக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துத் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்றொரு கட்டடக் கலைஞர் இருந்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளை வைத்தே வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டவர். மரம் குறுக்கே நின்றால் சுவரை வளைத்தார். இங்கே மரம் குறுக்கே நின்றால் ரிப்போர்ட்டை வளைக்கிறார்கள். மார்பிள் இத்தாலியிலிருந்து வருகிறது. தேக்கு பர்மாவிலிருந்து வருகிறது. அந்த ஐந்து மைலுக்குள் கிடைப்பது ஒன்றே ஒன்று: கையெழுத்து.

சட்டம் இல்லையா என்று கேட்காதீர்கள். சட்டத்துக்கா பஞ்சம்? தனியார் காடுகளைக் காக்க 1949இல் ஒரு சட்டம். மலையில் மரம் வெட்டுவதைத் தடுக்க 1955இல் ஒரு சட்டம். நீலகிரிக்கென்று 1993இல் ஒரு மாஸ்டர் பிளான். மலைக்கிராமத்தில் செங்கல் வைக்கும் முன் வனத்துறை, வருவாய்த்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று வரிசையாகத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். இந்தச் சட்டப் புத்தகங்களை அடுக்கி வைத்தாலே குன்னூர் ரோட்டில் மண்சரிவு நின்றுவிடும். அப்படி அடுக்கவும் இல்லை. அலமாரியில் இருக்கின்றன.

கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது நீலகிரி விதி. நல்ல விதி. சட்டம் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தது. கட்டுகிறவர் குனிந்து பார்த்தார். ரோட்டை ஒட்டி ஒரு தளம். அதற்குக் கீழே ஒன்று. அதற்கும் கீழே இன்னொன்று. மேலே ஏறாதே என்றது அரசு; சரி என்று பணிவோடு கீழே இறங்கினார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் அடக்கமான ஓட்டு வீடு. பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் அடுக்குமாடி. பள்ளத்தாக்கிலிருந்து பார்க்க அதிகாரி யாரும் போவதில்லை. ஜீப் இறங்காது.

சரி, யாருக்கு இந்த வீடு? குடும்பத்துக்கு. எந்தக் குடும்பத்துக்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு குடும்பம் வரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பில் கட்டிவிட்டுப் போகும். அடுத்த வெள்ளிக்கிழமை வேறு குடும்பம். குடியிருக்கும் வீடு என்று அனுமதி வாங்கி, வீட்டு மின் இணைப்பு வாங்கி, விடுதி நடத்துவது மலையில் பழைய வித்தை. பஞ்சாயத்து ஏட்டில் அது குடும்ப வீடு. இணையத்தில் தேடினால் ஓர் இரவுக்கு இவ்வளவு, காலை டிபன் உண்டு, கேம்ப் ஃபயர் தனி.

முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமியில் இந்தக் 'குடும்பங்கள்' பெருகின. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு யானை கடக்கும் இடம் அது. மசினகுடி, மாவனல்லா, பொக்காபுரம் என்று பேர் தெரியாத டூரிஸ்ட் கிடையாது. 2010இல் அரசு அதை யானை வழித்தடம் என்று அறிவித்தது. விடுதிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு போனார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதியே இல்லாத 11 விடுதிகளை 48 மணி நேரத்தில் பூட்டச் சொன்னது. 2020 அக்டோபர் 14 அன்று, வழித்தடம் செல்லும் என்று இறுதித் தீர்ப்பு சொன்னது. யானை ஒரு ரோட்டைக் கடப்பதற்கு நம் நாட்டில் பத்து வருஷம், இரண்டு நீதிமன்றம். இந்தப் பத்து வருஷமும் யானையின் வக்கீலுக்குத்தான் வாய்தா கிடைத்தது. விடுதிக்கு புக்கிங் கிடைத்தது.

தீர்ப்பு வந்து மூன்று மாதம். 2021 ஜனவரி. மாவனல்லாவில் ஒரு வீட்டருகே யானை ஒன்று வந்து நின்றது. முதுகில் ஏற்கெனவே புண்ணோடு திரிந்த யானை. எரியும் டயரைத் தூக்கி அதன் தலையில் எறிந்தார்கள். டயர் காதில் மாட்டிக்கொண்டது. எரியும் காதோடு யானை இருட்டுக்குள் ஓடும் காட்சியைச் செல்போனில் பார்க்காதவர் தமிழ்நாட்டில் குறைவு. ஜனவரி 19 அன்று சிகிச்சைக்காகத் தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு லாரியில் கொண்டுபோகும்போது அது செத்தது. தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு வனத்துறை ஊழியர் ஒருவர் கதறினார். அதையும் செல்போனில் பார்த்தோம். பார்த்துவிட்டு, ஃபார்வர்டு செய்துவிட்டு, பொங்கல் லீவில் எடுத்த ஊட்டிப் படங்களை ஸ்டேட்டஸில் போட்டோம்.

இரண்டு பேரைக் கைது செய்தார்கள். கட்டடத்துக்கு சீல் வைத்தார்கள். அதற்கு விடுதி நடத்தும் உரிமம் கிடையாது என்று அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். விருந்தினர் வந்து போனது தெரியவில்லை. வாடகை வாங்கியது தெரியவில்லை. போர்டு தெரியவில்லை. இரவில் மலையே தெரியும்படி எரிந்த விளக்கு தெரியவில்லை. யானையைக் கொளுத்திய பிறகுதான் கண் தெரிந்தது. அவ்வளவு கச்சிதமாகக் காட்டோடு கலந்திருந்தது அந்த வீடு.

அதே 2021இல் லண்டன் பூங்காக்களில் நம் யானைகள் நின்றன. நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்து ஆதிவாசிகள் உண்ணிச்செடிக் குச்சியை வளைத்துச் செய்த ஆளுயரத்தையும் தாண்டிய யானைகள். காட்டை அரித்துத் தின்னும் களையை வெட்டி யானை ஆக்கிய அருமையான கைவேலை. வெள்ளைக்காரர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. வாங்குகிறவர்கள் மேல்தான் சந்தேகம். குச்சி யானை ஒன்று புல்தரையில் நின்றால் சொத்து மதிப்பு கூடும். நிஜ யானை நின்றால் டயர்.

கொடைக்கானலையும் விட்டுவிடக் கூடாது. மனம் கோணும். அங்கே 1990களில் பிளசண்ட் ஸ்டே என்று ஒரு ஹோட்டல் எழுந்தது. இரண்டு மாடிக்கு அனுமதி. ஏழு மாடிக்குக் கட்டடம். அப்போதைய ஜெயலலிதா அரசு விதிவிலக்கு கொடுத்தது. நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2000 பிப்ரவரி 2 அன்று அந்த பிளசண்ட் ஸ்டே வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது. அதை எதிர்த்து அன்று தர்மபுரியில் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். கோவை வேளாண் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் உள்ளேயே கருகினார்கள். மலை உச்சியில் கூடுதலாக எழும்பிய ஐந்து மாடிக்கு, சுற்றுலா போன மூன்று பெண்கள் சமவெளியில் விலை கொடுத்தார்கள். 2001 டிசம்பரில் மேல்முறையீட்டில் ஜெயலலிதா விடுதலையானார். ஆக அந்த ஐந்து மாடியும் யார் குற்றமும் இல்லை. தாமாக முளைத்தவை. மலையில் மழை அதிகம், எதுவும் முளைக்கும்.

காட்டோடு ஒன்றிய வீடு என்று ஒன்று நிஜமாகவே இருந்தது. எந்த இதழும் அதற்குப் பரிசு கொடுக்கவில்லை. தோடர் வீடு. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்து, மேலே புல் வேய்ந்த அரைவட்டக் கூடு. தவழ்ந்து நுழையும் அளவுக்கே வாசல். உள்ளே கதகதப்பு, வெளியே எருமை. ஊட்டியின் குளிருக்கு அதைவிடப் பொருத்தமான வீட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பழுதானால் மண்ணோடு மண்ணாகும். ஜேசிபி வேண்டாம், மார்பிள் வேண்டாம், தடையின்மைச் சான்றும் வேண்டாம். நாகரிகம் வந்து அவர்களுக்குக் கான்கிரீட் பெட்டி கட்டிக் கொடுத்தது. குளிரில் வியர்க்கும் சுவர், மழையில் ஒழுகும் தளம். தோடரைப் பெட்டிக்குள் போட்டாகிவிட்டது அல்லவா, இனி அந்த வளைகூரை சும்மா கிடக்கலாமா? விடுதிக்காரர் எடுத்துக்கொள்வார். 'டிரைபல் தீம் காட்டேஜ்' என்று பெயர் வைப்பார். கான்கிரீட் வளைவுக்கு மேலே பிளாஸ்டிக் புல். வாசலை மட்டும் உயர்த்திவிடுவார். பணம் கொடுத்தவர் குனியக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருந்த கிராமங்களைக் காலி செய்யச் சொன்னபோது குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றார்கள். 2021இல் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் அதை 15 லட்சம் ஆக்கியது. காட்டில் பிறந்தவருக்கு வெளியே போக 15 லட்சம். நகரத்தில் பிறந்தவர் காட்டோரம் குடியேறக் கோடிகள் கொடுக்கிறார். காட்டில் மனிதன் இருந்தால் புலிக்கு ஆகாது என்று முதலாமவரிடம் சொல்கிறோம். புலி தெரியும் என்று இரண்டாமவரிடம் சொல்கிறோம். புலியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அது ஒன்றுதான் இந்த வியாபாரத்தில் கமிஷன் வாங்காதது.

கூடலூருக்கு வாருங்கள். ஜமீன் மாதிரியான ஜென்ம நில முறையை ஒழிக்க 1969இல் சட்டம் போட்டோம். நிலம் யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. அந்தச் சட்டத்தின் 'செக்‌ஷன் 17' என்று சொன்னால் அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பட்டா இல்லை. பட்டா இல்லாததால் கரண்டும் கிடைக்கவில்லை. தாத்தா மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார், பேரனும் அதே விளக்கில் படித்தான், தேர்தலுக்குத் தேர்தல் வேட்பாளர் வந்து பல்பு கொடுத்தார். பக்கத்திலேயே டான்டீ தேயிலைத் தோட்டம். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்கு வேலை கொடுக்க என்று அரசே நட்டது. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர் ஓய்வு பெற்றால் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 2022இல் டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவானது. காட்டைக் காப்பாற்ற வேண்டாமா? வேண்டும். லயன் வீட்டிலிருந்து காப்பாற்றுவது சுலபம். அதற்கு வக்கீல் கிடையாது.

2024இல் தமிழ்நாட்டு யானை வழித்தடங்கள் என்று 42 இடங்களைக் குறித்து ஒரு வரைவு அறிக்கை வந்தது. யானைக்கு வழி வேண்டும், அதில் இரண்டாவது கருத்தில்லை. ஆனால் அறிக்கை இங்கிலீஷில் வந்தது. கருத்துச் சொல்லச் சில நாள் கொடுத்தார்கள். அதனால் பாரபட்சம் இல்லை. யானைக்கும் புரியவில்லை, கூடலூர்க்காரருக்கும் புரியவில்லை. புரிந்தவர்களிடம் ஏற்கெனவே இங்கிலீஷ் தெரிந்த வக்கீல் இருந்தார்.

மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதற்கும் ஒரு மருந்து 2011இலேயே எழுதிக் கொடுக்கப்பட்டது. மாதவ் காட்கில் குழு எழுதியது. கசப்பு அதிகம் என்று எல்லா மாநிலங்களும் துப்பின. கஸ்தூரிரங்கன் குழு 2013இல் சர்க்கரை சேர்த்துக் கொடுத்தது. அதையும் விழுங்கவில்லை. 2014இல் மத்திய அரசு முதல் வரைவு அறிவிக்கை வெளியிட்டது. அது காலாவதியானது. இன்னொன்று போட்டார்கள். அதுவும் காலாவதி. இப்படியே ஐந்து. 2024 ஜூலை 30 விடியலில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் மண்ணோடு போயின. தூங்கிக்கொண்டிருந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் எழுந்திருக்கவே இல்லை. மறுநாள், ஜூலை 31 தேதியிட்டு, ஆறாவது வரைவு வெளியானது. ஆறு மாநிலங்களில் 56,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் சூழல் உணர்திறன் மிக்க பகுதி. ஆட்சேபம் சொல்ல 60 நாள். பிணங்களை ஆற்றில் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ஆட்சேபம் இருந்தால் எழுதி அனுப்பலாம் என்று அறிவிக்கை சொன்னது.

வரைவு என்றால் பயப்படுவார்கள் என்று டெல்லியில் யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலையில் நிலம் விற்கும் புரோக்கரைக் கேளுங்கள். அவருக்கு அதுதான் சீசன். "சார், ரூல்ஸ் டைட் ஆகப் போகுது. இனிமே புதுசா ஒருத்தரும் கட்ட முடியாது. இதுதான் கடைசி காடு. இந்த மாசமே அட்வான்ஸ் போட்டுடுங்க. அடுத்த வரைவு வந்தா ரேட் ஏறிடும்."